வாரம் ஒரு சீட்டுக்கட்டு!

புதன்கிழமை மாலையில் மாஹிம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. புனித மிக்கேல் ஆலயத்தில் 1948 செப்டம்பர் 8-ம் தேதி ஆரம்பித்த நொவேனா வழிபாடு இன்றைக்கும் புதன்தோறும் ஆயிரக்கணக்கானவர்களை இழுத்து வருகிறது. கிறிஸ்தவர்கள் மட்டும் வருவதில்லை. தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் நம்மவர்கள் விபூதி பூசிய நெற்றியோடு வந்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். ஆலய வாசலில் விற்கிற மெழுகு உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். கால் வலிக்காரருக்குக் கால், கை வலிக்காரருக்குக் கை, பிள்ளை வேண்டுபவருக்குக் குழந்தை, அப்புறம் இந்த நகரத்தில் எல்லோருக்குமே வேண்டியிருக்கிற வீடு! அதே மாஹிமில்தான் மக்தூம் அலி மாஹிமி தர்காவும் இருக்கிறது. 1431-ல் காலமான அந்த ஞானியின் உரூஸ் டிசம்பரில் பத்து நாள் நடக்கும். முதல் சாதரைப் போர்த்தும் மரியாதை மும்பை போலீஸாருக்கு.

மனசில் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் நடமாடும் இடத்தில், பதில் சொல்கிறவர்களும் வந்து உட்காருவது இயற்கை. மும்பை நடைபாதைகளில் கிளிக் கூண்டும் சீட்டுக்கட்டுமாக உட்கார்ந்திருந்த ஜோசியரை வயதில் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மராத்திக்காரர்கள் 'போபட்வாலா' என்பார்கள். போபட் என்றால் கிளி.

அந்தக் காட்சி இப்போது அபூர்வமாகி விட்டது. ஆனால் சீட்டு போகவில்லை. வேஷம் மாறி வந்திருக்கிறது. பெரிய புத்தகக் கடைகளில் பளபளக்கும் பெட்டிகளில் 'ஆரக்கிள் கார்டு' என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். கைபேசியைத் திறந்தால், "இந்த வாரம் உங்களுக்கு வந்திருக்கும் சீட்டு இதோ" என்று யாரோ ஓர் அம்மாள் சிரித்த முகத்துடன் மேஜையில் சீட்டு பரப்புகிறார். இதில் புதிதாக ஒரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. ஒரே கட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளாமல், வாரத்துக்கு ஒரு கட்டாக மாற்றி மாற்றிப் பார்ப்பது! இந்த வாரம் தேவதைச் சீட்டு, அடுத்த வாரம் டாரட், அதற்கடுத்த வாரம் பிரெஞ்சுக்காரியின் சீட்டு என்று போகிறது.

நாமும் அப்படி ஒரு சுற்று போய் வந்தால் என்ன? கட்டு கட்டாக விரித்துப் பார்ப்போம். படங்கள் எங்கிருந்து வந்தன, யார் எழுதினார்கள், அவற்றால் யாருக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துகொண்டால், சீட்டு எடுக்கப் போகிறவர் கொஞ்சம் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கலாம்.

கிளி எடுத்துக் கொடுப்பது

முதல் வாரம் நம்முடைய சொந்தக் கட்டு. கிளி ஜோசியக் கட்டில் வழக்கமாக 27 சீட்டுகள். நட்சத்திரக் கணக்கு அது. பிள்ளையார், முருகன், லட்சுமி, ராமர் பட்டாபிஷேகம் என்று படங்கள் போகும். நடுவே புத்தர் ஒருவர் இருப்பார். குழந்தை ஏசுவை ஏந்திய மாதா இருப்பார். இஸ்லாமியச் சின்னம் பொறித்த சீட்டும் இருக்கும். யார் வந்து உட்கார்ந்தாலும் "இது நம்ம சாமி" என்று சொல்ல ஒரு படம் உண்டு! நடைபாதையில் பிழைப்பு நடத்துகிறவருக்கு இருந்த சமரச புத்தி பல பெரிய மனிதர்களுக்கு இருந்ததில்லை.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூண்டுக் கதவைத் திறந்து, "வாம்மா, அண்ணாச்சி பேருக்கு ஒரு நல்ல சீட்டாப் பார்த்து எடுத்துக் குடு" என்பார் ஜோசியர். கிளி வெளியே வந்து, அலகால் ஒவ்வொரு சீட்டாகத் தள்ளிக்கொண்டே போகும். ஒன்றில் நிற்கும். அதைக் கவ்விக் கொடுக்கும். ஒரு நெல்மணி கூலி. வாங்கிக்கொண்டு தானே கூண்டுக்குள் போய்விடும். அது தானே உள்ளே போவதுதான் பார்க்கிறவர்களை மயக்கும் இடம். கதவு திறந்திருந்தும் பறந்து போகாத பறவை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஓர் எண்ணம். பறக்காததற்குக் காரணம் பல சமயம் வெட்டிய சிறகு என்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீட்டு விழுவதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். "எந்த ஊரு தம்பி? திருநெல்வேலிப் பக்கமா? இங்க வந்து எத்தனை வருஷமாச்சு? ஊர்ல அம்மா இருக்காங்களா?" இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு எந்தப் படம் வந்தால்தான் என்ன? தாராவியில் ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்து எழுந்து, மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிற ஒரு பையனுக்கு என்ன கவலை இருக்கும் என்று சொல்ல முருகனே இறங்கி வர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. அந்தப் பையனிடம் அன்றைய தினம் "அம்மா இருக்காங்களா?" என்று கேட்ட ஒரே ஆள் அந்த ஜோசியராகக்கூட இருந்திருக்கலாம். கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

கப்பல், கடிதம், எலி

இரண்டாவது வாரம் பாரிஸ் போவோம். லெநோர்மாண்ட் சீட்டு என்று ஒரு கட்டு. மொத்தம் 36. மரி ஆன் லெநோர்மாண்ட் (1772–1843) என்ற பெண்மணி, நெப்போலியன் காலத்துப் பாரிஸில் ஜோசியத்தில் கொடி கட்டிப் பறந்தவர். நெப்போலியனின் மனைவி ஜோசபினே தம்மிடம் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர். விசேஷம் என்னவென்றால், அவர் பெயரில் விற்கும் இந்தச் சீட்டுகளை அவர் பயன்படுத்தவே இல்லை! அவர் இறந்த பிறகு வியாபாரிகள் அவர் பெயரை எடுத்து அட்டைப் பெட்டியில் அச்சடித்துக்கொண்டார்கள்.

அப்படியானால் சீட்டு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தில், ஹெக்டெல் என்பவர் 1799-ஐ ஒட்டி உருவாக்கிய 'நம்பிக்கை விளையாட்டு' என்ற பொழுதுபோக்குதான் அதன் மூலம். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை சீட்டைப் பரப்பி, தாயம் உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். நம் பரமபதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நங்கூரம் போட்ட 35-ம் சீட்டை அடைந்தவர் ஜெயித்தார். குழந்தைகள் சாயங்காலம் ஆடிய ஆட்டம், அரை நூற்றாண்டு கழித்து விதியைச் சொல்லும் சாதனமாகிவிட்டது.

ஆனாலும் இந்தக் கட்டில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. படங்களைப் பாருங்கள். முதல் சீட்டு குதிரைக்காரன், சேதி கொண்டு வருகிறவன். 3 கப்பல், 4 வீடு. 14 நரி, ஏமாற்றுக்காரனுக்கு. 22 பிரியும் பாதை. 23 எலி, அதாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் காசு. 27 கடிதம். 34 மீன், அது பணம். 35 நங்கூரம், நிலைத்த வேலை என்று பொருள் சொல்வார்கள். ராஜா ராணி சமாசாரமே இல்லை. பிழைக்க ஊர் விட்டு ஊர் போனவனுடைய கவலைகளின் பட்டியல் இது. ஐரோப்பாவில் அப்போது வேலை தேடிக் கிராமத்திலிருந்து பட்டணத்துக்கும், பட்டணத்திலிருந்து அமெரிக்காவுக்கும் ஜனங்கள் போய்க்கொண்டிருந்த காலம். கப்பலும் கடிதமும் அவர்கள் வீட்டுச் சொத்து.

மாஹிம் ஸ்டேஷன் வாசலில் நின்று யோசித்தால், நமக்கென்று ஒரு கட்டு எழுதுவது கஷ்டமே இல்லை. ஒன்றாம் சீட்டு ரயில் டிக்கெட், அதுவும் வெயிட்டிங் லிஸ்டில்! இரண்டு, ஒரு காலத்து மணியார்டர் பாரம். மூன்று, விடிகாலைக் குழாயடி வரிசை. நான்கு, அறைக்குக் கொடுத்த டெபாசிட். ஐந்து, ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை. ஆறு, துபாய் விசா. ஏழு, நடு ராத்திரியில் அடிக்கும் போன். இந்தக் கட்டைக் குலுக்கி எந்தச் சீட்டை எடுத்தாலும் தாராவியில் ஒருவருக்காவது அது பலிக்கும். எடுத்தவருக்கு ஞான திருஷ்டி இருந்ததாக அர்த்தமாகாது. சீட்டில் எழுதினதே நம் வாழ்க்கையிலிருந்துதானே!

சீட்டு என்று பேச்சு வந்ததால் ஒரு உள்ளூர்ச் சங்கதி. மாஹிம் அல்வா தெரியும்தானே? தாள் தாளாகத் தட்டி, இடையிடையே காகிதம் வைத்து அடுக்கி, அதுவும் ஒரு சீட்டுக்கட்டு மாதிரியேதான் இருக்கும். அதில் எந்தத் தாளை எடுத்தாலும் பலன் இனிப்புதான்.

படம் வரைந்தவருக்கு என்ன கிடைத்தது?

மூன்றாவது வாரம் டாரட். இன்று பாந்த்ராவிலும் அந்தேரியிலும் அறை போட்டுப் பார்க்கிறார்களே, அது. 78 சீட்டுகள். அதில் 22 பெரிய சீட்டு, பாக்கி 56 நம் ரம்மிச் சீட்டின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். 'எகிப்து நாட்டுப் புரோகிதர்கள் ரகசியமாய்க் காத்த ஞானம்' என்று இதைப்பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையின் பிறந்த தேதி நன்றாகவே தெரியும். கூர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1781-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அவர் எழுதிய காலத்தில் எகிப்தியச் சித்திர எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவரும் இல்லை! ஆகவே மறுத்துப் பேசவும் ஆள் இல்லை. அவரைத் தொடர்ந்து, பாரிஸில் எட்டெயில்லா என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் இதைத் தொழிலாகவே ஆக்கினார். அவருடைய நிஜப் பெயர் அல்லியெட். எழுத்துகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

உண்மைக் கதை இத்தாலியில் ஆரம்பிக்கிறது. 15-ம் நூற்றாண்டின் நடுவில், மிலான் நகரத்துப் பிரபுக்கள் பொழுது போக்க, தங்க ரேக் ஒட்டிச் செய்து வாங்கிய விளையாட்டுச் சீட்டு அது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அது சீட்டாட்டமாகவே இருந்தது. பிரான்ஸில் இன்றும் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980-ல் பெரிய புத்தகமே போட்டு இதை நிலைநாட்டினார்.

நம் மகாராஷ்டிரத்திலேயே இதற்கு ஒரு எதிர் உதாரணம் இருக்கிறது. கொங்கணத்தில் சாவந்த்வாடி என்ற ஊரில் கஞ்சிஃபா என்று வட்டமான சீட்டுகளைக் கையால் வரைவார்கள். தசாவதாரக் கட்டில் பத்து அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டு. மச்சமும் கூர்மமும் நரசிம்மமுமாகப் படங்கள் இருந்தும், ஆடுகிறவர்கள் அதை ஆட்டமாகவே வைத்துக்கொண்டார்கள். கலை அழியும் தருவாயில் இருந்தபோது, 1970-களில் அந்த ஊர் அரச குடும்பம் கலைஞர்களைத் தேடிப் பிடித்து மீட்டெடுத்தது. சாமி படம் போட்ட சீட்டு என்பதால் மட்டும் அது சாமி வாக்கு ஆகிவிடாது என்பதற்கு, இத்தாலி வரை போகாமல் சாவந்த்வாடியோடு நின்றிருந்தாலும் போதும்.

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் டாரட் படங்கள் 1909-ல் லண்டனில் வெளியானவை. பதிப்பித்தவர் ரைடர் கம்பெனி, திட்டம் சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். கட்டுக்கு நெடுங்காலம் அவர்கள் இருவர் பெயர்தான் வழங்கிற்று. வரைந்தது யார்? பமீலா கோல்மன் ஸ்மித் என்ற இளம் பெண். சில மாதங்களில் முழுக் கட்டையும் வரைந்து முடித்து, வேலை மலையளவு, கிடைத்த காசு சொற்பம் என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1951-ல் இங்கிலாந்தில் ஒரு கடலோர ஊரில், வறுமையில் காலமானார். அவர் வரைந்த சீட்டு லட்சக்கணக்கில் விற்பது அதற்குப் பிறகுதான். உலகமெல்லாம் எதிர்காலத்தைப் பார்த்துச் சொல்ல உதவிய அந்த 78 படங்கள், வரைந்தவருடைய எதிர்காலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை! ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் நம் வாசகர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது வாரத்துக்கு வருவோம். ஆரக்கிள் சீட்டு என்பது எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாதது. டாரட் என்றால் 78 இருந்தாக வேண்டும். இதற்கு அப்படி விதி இல்லை. ஆளுக்கொரு எண்ணிக்கை, ஆளுக்கொரு படம். இந்த வகையில் சக்கைப் போடு போட்டவை அமெரிக்காவின் டோரீன் வர்ச்யூ வெளியிட்ட தேவதைச் சீட்டுகள், பெரும்பாலும் கட்டுக்கு 44. பயமுறுத்தும் படமே அதில் கிடையாது. எதை எடுத்தாலும் ஆறுதல். அந்த அம்மையார் 2017-ல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பி, தாமே வெளியிட்ட சீட்டுகளைத் தாமே நிராகரித்தார். வாங்கியவர்கள் வைத்துக்கொள்வதா, எறிவதா என்று தவித்தார்கள். அதற்கும் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்தார்களோ என்னவோ!

பதினாறில் பதினைந்து

கட்டுகளைப் பார்த்தாயிற்று. இனி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றுகிறவருடைய மனசுக்குள் போவோம். கொஞ்சம் கணக்கு வேண்டியிருக்கிறது. குமாஸ்தா வாசகர்கள் மன்னிக்கத் தேவையில்லை, அவர்களுக்கு இது விளையாட்டு.

ஒருவருக்கு ஒரு கேள்வி. "இதைச் செய்யலாமா, கூடாதா?" சீட்டு 'செய்' என்று சொல்லப் பாதி சந்தர்ப்பம், 'செய்யாதே' என்று சொல்லப் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் கேட்டால் 'செய்' வருவதற்கு இரண்டில் ஒன்று. 'செய்யாதே' வந்துவிட்டால் அடுத்த வாரம் வேறு கட்டில் கேட்கிறார். நான்கு வாரமும் தொடர்ந்து 'செய்யாதே' என்றே வர, பதினாறில் ஒரு சந்தர்ப்பம்தான். ஆக, நாலு வாரம் நாலு கட்டு மாற்றுகிறவருக்கு, அவர் ஆசைப்பட்ட பதில் ஒரு தடவையாவது கிடைக்கப் பதினாறில் பதினைந்து பங்கு சந்தர்ப்பம் உண்டு! கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிடுவார். "அந்தச் சீட்டு சொல்லிற்று" என்று அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார். முடிவு முதல் வாரத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. அவர் சுற்றித் திரிந்தது கையெழுத்து வாங்கத்தான்.

இதே பதினாறு இன்னொரு கிளிக்கும் பேர் வாங்கிக் கொடுத்தது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், நம் தமிழ் ஜோசியர் ஒருவரிடம் இருந்த மணி என்ற கிளி, 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் கால் இறுதி ஆட்டங்கள் நான்கிலும் ஜெயிப்பவரைச் சரியாக எடுத்துக் கொடுத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஓடி வந்தன. நான்கு ஆட்டமும் சரியாக வருவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பதினாறில் ஒரு சந்தர்ப்பம். பதினாறு கிளிகள் எடுத்தால் ஒன்று ஜெயிக்கும். மற்ற பதினைந்தைப் பேட்டி காண யாரும் போகமாட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு மணி எடுத்த சீட்டு நெதர்லாந்து. கோப்பையை எடுத்தது ஸ்பெயின்.

நம் பெரியவர்கள் இதை எப்படியோ உணர்ந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. கோயிலில் பூப்போட்டுப் பார்க்கும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, ஒன்றும் தெரியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்தது வந்ததுதான். "இன்னொரு தடவை எடு கண்ணு" என்று சொன்னால், பக்கத்தில் இருக்கும் பாட்டி முறைப்பாள். ஜப்பானியர் கோயில்களில் சீட்டு எடுக்கிற வழக்கம் இருக்கிறது. கெட்ட பலன் வந்தால் சீட்டை அங்கேயே கம்பியிலோ மரத்திலோ கட்டி, துரதிர்ஷ்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். ஒரு தடவை கேள், அத்தோடு விடு என்பது அங்கும் வழி. வாரா வாரம் கட்டு மாற்றுவது பழைய நம்பிக்கையின் கணக்கிலும் சேராது, பகுத்தறிவின் கணக்கிலும் சேராது.

"அப்படியானால், சொன்னது அப்படியே பொருந்துகிறதே, அது எப்படி?" என்று கேட்பீர்கள். 1948-ல் அமெரிக்காவில் ஃபோரர் என்ற மனோதத்துவ ஆசிரியர் இதைத்தான் சோதித்தார். தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் 'உன் குணாதிசயம் இது' என்று ஒரு காகிதம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மார்க் போடுங்கள் என்றார். சராசரி 4.26 வந்தது. பிறகு விஷயத்தை உடைத்தார்: எல்லாக் காகிதத்திலும் எழுதியிருந்தது ஒரே வாசகம்தான்! அதையும் அவர் பெட்டிக்கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியிருந்தார். "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே கலங்குகிறவர் நீங்கள்" என்கிற தோரணையில் ஒரு வரி எழுதினால், மாஹிமிலிருந்து மெக்சிகோ வரை தலையாட்டாதவர் யார்? பத்திரிகையில் வாரா வாரம் வரும் ராசிபலனும் இந்த வகையறாதான். 1930-ல் லண்டன் பத்திரிகை ஒன்று இளவரசி மார்கரெட் பிறந்ததை ஒட்டிப் போட்ட ஜாதகக் கட்டுரையிலிருந்து அந்தப் பழக்கம் வேர்விட்டது. நம் தொழிலையும் விட்டுவைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

சீட்டுக்கு முன்னால் ஒரு நம்பர்

பொழுதுபோக்காகச் சீட்டு எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. படத்தைப் பார்த்து, மனசில் கிடப்பதை வாய்விட்டுச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் என்றால், எடுக்கட்டும். ஆனால் நம்மவர்கள் கேட்கிற கேள்வி பல சமயம் பொழுதுபோக்கு ரகம் இல்லை. "வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட்டிடம் பணம் கட்டலாமா?" வட்டிக்கு வாங்கின பணம். ஊரில் அடகு வைத்த நகை. இதைக் கேட்டு நான்கு கட்டு மாற்றினால் பதினாறில் பதினைந்து பங்கு 'கட்டு' என்றுதான் வரும். எந்தக் கட்டைக் குலுக்கினாலும் அந்த ஏஜென்ட்டின் லைசென்ஸ் நம்பர் மட்டும் விழாது.

அந்த நம்பரோ கேட்டாலே கிடைக்கக்கூடியது. 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசாங்கத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. பதிவு பெற்றவர்கள் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறது. கிளி கூண்டை விட்டு வெளியே வந்து சீட்டு எடுத்துத் திரும்புவதற்குள் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். மும்பையில் இதற்கென்று குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி அலுவலகமும் உண்டு. பெயர் பட்டியலில் இல்லை என்றால், லட்சுமி படமே வந்தாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

மனிதருக்கு விலக்கு, கிளிக்குக் காவல்

கடைசியாகச் சட்டம். பலர் நினைப்பது போல் மகாராஷ்டிரத்தில் ஜோசியத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. மூடநம்பிக்கைக்கு எதிராக இயக்கம் நடத்திய டாக்டர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20-ல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினெட்டு வருஷமாக இழுத்தடித்த சட்டம், அவர் உயிர் போன நாலே நாளில் அவசரச் சட்டமாக வந்தது. டிசம்பரில் சட்டசபையிலும் நிறைவேறியது. நரபலி, பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடித்துக் கொடுமை செய்வது போன்றவற்றுக்கு அதில் தண்டனை. ஜோசியர்களும் நந்திபைல்காரர்களும் சொல்லும் ஆலோசனைக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நந்திபைல்காரர் வேறு யாரும் இல்லை, நம் பூம்பூம் மாட்டுக்காரரின் மராத்தி அண்ணன்.

ஆகவே மனிதர் சீட்டைப் பார்த்துப் பலன் சொல்லலாம். கூண்டில் கிளியை வைத்திருப்பதுதான் குற்றம். நம் பச்சைக்கிளி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பறவை. 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் தண்டனைக்கு உரியவை. நடைபாதையில் போபட்வாலாவைக் காண்பது அரிதாகிப்போனதில் இதற்கும் பங்கு உண்டு. பரம்பரையாக வேறு தொழில் தெரியாதவர்கள் அவர்கள். சட்டம் கிளியைக் கூண்டிலிருந்து விடுவித்தது சரி, கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவருடைய அடுப்புக்கு என்ன வழி என்று யோசித்ததாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கிளி பக்கம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். நெல்மணிக்காக வாழ்நாள் முழுக்கச் சீட்டைத் தள்ள வேண்டும் என்று அது யாரிடமும் கேட்டு வரவில்லை.

இந்தச் சட்டம் எல்லோர் கண்ணிலும் பட்டது 2024 ஏப்ரலில். கடலூரில் பாட்டாளி மக்கள் கட்சி சார்பில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நின்ற சினிமா டைரக்டர் தங்கர் பச்சான், பிரசாரத்துக்குப் போன இடத்தில் ஒரு கிளி ஜோசியர் முன்னால் உட்கார்ந்தார். கிளி ஒரு சீட்டை எடுத்தது. வெற்றி நிச்சயம் என்று ஜோசியர் பலன் சொன்னார். படம் நாடெங்கும் பரவியது. உடனே வனத்துறையினர் வந்து ஜோசியரைப் பிடித்துப் போனார்கள். கிளிகளைப் பறிமுதல் செய்து, அவரை எச்சரித்து அனுப்பினார்கள். "வெற்றி என்று கிளி சொன்னதைக்கூடப் பொறுக்கமாட்டார்களா?" என்று அந்தக் கட்சித் தலைவர் அன்புமணி ராமதாஸ் அரசாங்கத்தைச் சாடினார். 'தோல்வி' என்று சீட்டு வந்திருந்தால் கிளி கூண்டிலேயே இருந்திருக்குமோ என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் 4-ம் தேதி ஓட்டு எண்ணினார்கள். கடலூரில் ஜெயித்தவர் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத்.